இரவல் பெயரில் ஒரு சர்வர் பெட்டி

நான் கணினி வேலைகளைக் கவனித்துக்கொள்ளும் ஆடிட்டர் அலுவலகத்தில் மொத்தம் ஒன்பது பேர் வேலை பார்க்கிறோம். வாடிக்கையாளர்களின் கணக்குக் கோப்புகளை வெளியார் சேவை எதிலும் வைப்பதற்கு எங்கள் மூத்த ஆடிட்டருக்கு மனமில்லை. அலுவலகத்துக்குள்ளேயே ஒரு சர்வர் இருக்க வேண்டும், ஆனால் அதை நிறுவுவதற்கு நான் ஒரு வாரம் வேலையை விட்டுவிட்டு உட்காரவும் கூடாது என்பது அவருடைய நிபந்தனை. ஆகவே சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடையில், எல்லா மென்பொருளும் முன்கூட்டியே நிறுவி, அமைப்புகள் செய்து முடித்து விற்கப்படும் சிறு சர்வர் பெட்டி ஒன்றை 41,000 ரூபாய்க்கு வாங்கினோம். ஆறு மாதம் பயன்படுத்திய பிறகு இதை எழுதுகிறேன். கடையின் பெயரைக் குறிப்பிடப் போவதில்லை. நான் சொல்ல வரும் குறை தீய எண்ணத்தால் விளைந்தது அன்று. யாரும் பயன்படுத்தவும் மாற்றவும் பகிரவும் அனுமதிக்கும் கட்டற்ற மென்பொருளை விற்பதற்கான விதிகளைக் கடைக்காரர் தலைகீழாகப் புரிந்துகொண்டதால் விளைந்தது.

முதலில் பெட்டியைப் பற்றி. உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிய கறுப்புப் பெட்டி, 16 ஜிபி நினைவகம், ஒன்றின் நகல் மற்றொன்றில் இருக்குமாறு அமைக்கப்பட்ட இரண்டு 2 டிபி வட்டுகள். அடிப்படை இயங்குதளம் லினக்ஸ் வகையைச் சேர்ந்த உபுண்டு 24.04. அதன்மேல் கோப்புப் பகிர்வுக்கு நெக்ஸ்ட்கிளவுட், அலுவலகத்தின் விண்டோஸ் கணினிகளோடு பேசுவதற்குச் சாம்பா, தரவுத்தளத்துக்கு மரியாடிபி. மின்சாரம் கொடுத்து, வலைக் கம்பியைச் செருகி, கையேட்டில் உள்ளபடி கடவுச்சொல்லை மாற்றி, 25 நிமிடத்தில் முதல் கோப்பைப் பகிர்ந்துவிட்டோம். இரவு 2 மணிக்குத் தானாக நடக்கும் காப்பு நகல் ஒரு நாளும் தவறவில்லை. நடுவில் ஒரு முறை வேண்டுமென்றே ஒரு கோப்புறையை அழித்துவிட்டு மீட்டுப் பார்த்தேன், முழுமையாக வந்தது. எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது அந்தக் கையேடுதான். 28 பக்கம், நல்ல தமிழில், கணினித் திரையின் படங்களோடு, எங்கள் அலுவலக உதவியாளரே படித்துப் புரிந்துகொள்ளும் அளவுக்குத் தெளிவாக எழுதியிருக்கிறார்கள். இந்த விலையில் இப்படியொரு கையேட்டை நான் இதற்கு முன் பார்த்ததில்லை.

குறை பில்லில் தொடங்குகிறது. வன்பொருள் 27,500, நிறுவுதல் 4,000, இவற்றுக்கு நடுவே ‘மென்பொருள் உரிமம், 1 கருவிக்கு’ என்று 9,500 ரூபாய். இலவசமாகக் கிடைக்கும் மென்பொருளுக்குக் காசு வாங்கிவிட்டார் என்று கோபப்படுகிறவர்களுக்கு முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: காசு வாங்குவதில் ஒரு தவறும் இல்லை. கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன் 1985 வாக்கில் எமாக்ஸ் என்ற மென்பொருள் பதிந்த நாடாவை 150 டாலருக்கு விற்றுத்தான் பிழைப்பு நடத்தினார். இலவச அலுவலக மென்பொருளான லிப்ரே ஆபீஸை வளர்க்கும் அறக்கட்டளையே 2022இல் ஆப்பிள் கடையில் அதற்கு 8.99 யூரோ விலை வைத்தது. நகலை ஒப்படைப்பதற்கு, நிறுவிக் கொடுப்பதற்கு, உத்தரவாதம் தருவதற்கு, கையேடு எழுதியதற்கு எவ்வளவு வேண்டுமானாலும் கேட்கலாம். கட்டற்ற மென்பொருள்களுக்குப் பரவலாகப் பயன்படும் ஜிபிஎல் உரிமத்தின் இரண்டாம் பதிப்பு இதை முதல் பிரிவிலேயே வெளிப்படையாகச் சொல்கிறது.

கேட்கக் கூடாத ஒன்று இருக்கிறது. அதைத்தான் இந்தக் கடைக்காரர் சரியாகப் பெயர் சொல்லிக் கேட்டிருக்கிறார். சாம்பா ஜிபிஎல் மூன்றாம் பதிப்பின்கீழ் வருகிறது. நெக்ஸ்ட்கிளவுட் அதன் உடன்பிறப்பான ஏஜிபிஎல்லின்கீழ் வருகிறது. இரண்டிலும் பத்தாம் பிரிவு ஒன்றுதான்: இந்த உரிமம் தரும் உரிமைகளைப் பயன்படுத்துவதற்கு உரிமக் கட்டணமோ ராயல்டியோ வேறு கட்டணமோ விதிக்கக் கூடாது. அதாவது அதே 9,500 ரூபாயை ‘அமைப்பு, கையேடு, ஓராண்டு ஆதரவு’ என்று எழுதி வாங்கியிருந்தால் அது முறையான வியாபாரம். ‘உரிமம்’ என்று எழுதியதால் உரிம மீறல். பில்லோடு தந்த நிபந்தனைத் தாளில் நிலைமை இன்னும் மோசம். ‘இம்மென்பொருளை நகலெடுப்பதும் வேறு கணினியில் நிறுவுவதும் சட்டப்படி குற்றம்’ என்று தடித்த எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். நகலெடுக்கும் உரிமையை எனக்குத் தந்தவர்கள் அந்த மென்பொருள்களை எழுதியவர்கள். நடுவில் நிற்கும் விற்பனையாளர் அதன்மேல் கூடுதல் தடை எதையும் ஏற்ற முடியாது என்பது 1991இல் வெளிவந்த ஜிபிஎல் இரண்டாம் பதிப்பிலேயே இருக்கும் விதி. ஏதோ ஒரு விண்டோஸ் மென்பொருளின் தாளிலிருந்து இந்த வரியை அப்படியே எடுத்திருப்பார் என்று நினைக்கிறேன்.

இனி பெயர். பெட்டியின் மேற்பாதி முழுவதையும் ஓர் ஆரஞ்சு ஒட்டுத்தாள் மூடியிருக்கிறது. கடையின் பெயர் சிறிதாக ஓர் ஓரத்தில். நடுவில் உபுண்டுவின் வட்டச் சின்னம். அதன்கீழ் ‘உபுண்டு ஆபீஸ் சர்வர் புரோ’. அதற்கும் கீழே நெக்ஸ்ட்கிளவுடின் மூன்று வளையங்கள், வரிசையாக இன்னும் நான்கு சின்னங்கள். தேர் அலங்காரம் போல இருக்கிறது. பார்த்தவுடன் இது உபுண்டுவை உருவாக்கும் கனானிக்கல் நிறுவனமே வெளியிட்ட பெட்டி என்றுதான் யாரும் நினைப்பார்கள். எங்கள் மூத்த ஆடிட்டர் அப்படித்தான் நினைத்தார். அந்த நம்பிக்கையில்தான் காசோலையில் கையெழுத்திட்டார்.

‘புரோ’ என்ற அந்த ஒரு சொல் தற்செயலாக வந்து விழுந்திருக்கலாம். ஆனால் விளைவு விபரீதமானது. உபுண்டு புரோ என்பது கனானிக்கல் உண்மையாகவே விற்கும் கட்டணச் சந்தாவின் பெயர். சாதாரண உபுண்டு நீண்டகால வெளியீட்டுக்கு ஐந்தாண்டுப் பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும்; புரோ சந்தா இருந்தால் அது பத்தாண்டாக நீளும். எனவே ஒட்டுத்தாளைப் பார்த்து நான் செய்த முதல் வேலை, கட்டளை தட்டச்சிடும் முனையத்தைத் திறந்து சந்தாவின் நிலையைக் கேட்டதுதான். இந்தக் கருவி எந்தச் சந்தாவிலும் இணைக்கப்படவில்லை என்று பதில் வந்தது. கடைக்காரர் ஏமாற்ற நினைத்து அந்தச் சொல்லை வைக்கவில்லை, ‘மேம்பட்டது’ என்ற பொருளில் வைத்தார் என்று பிறகு பேசியபோது தெரிந்தது. ஆனாலும் பத்தாண்டுத் திருத்தங்களுக்கும் சேர்த்துத்தான் பணம் கொடுத்திருக்கிறோம் என்று வாங்குகிறவர் நம்புவதற்கு முழு இடமும் இருக்கிறது. வணிகக்குறிச் (டிரேட்மார்க்) சட்டம் தடுக்க நினைப்பது இந்தக் குழப்பத்தைத்தான்.

கட்டற்ற மென்பொருளில் நிரலும் பெயரும் வேறு வேறு கதவுகள் வழியாக நமக்கு வருகின்றன. நிரலுக்கான கதவு விரியத் திறந்திருக்கிறது. பெயருக்கான கதவில் ஆள் நிற்கிறார். அப்பாச்சி உரிமத்தின் ஆறாம் பிரிவும் பயர்பாக்ஸ் உலாவியை உருவாக்கும் மொசில்லாவின் பொது உரிமமும் வணிகக்குறிக்கு அனுமதி தரவில்லை என்று எழுதியே வைத்திருக்கின்றன. பிஎச்பி என்ற நிரல் மொழியின் உரிமமோ அதிலிருந்து உருவாக்கும் பொருளுக்கு முன் அனுமதியின்றி பிஎச்பி என்று பெயர் வைக்கக் கூடாது என்கிறது. கனானிக்கலின் கொள்கையும் இதே போக்கில்தான்: மாற்றம் செய்யாத உபுண்டுவைத் தாராளமாக மறுவிநியோகம் செய்யலாம், மாற்றியமைத்த ஒன்றை அந்தப் பெயரோடு சேர்த்து விற்க வேண்டுமென்றால் அவர்களுடைய ஒப்புதல் வேண்டும், ஒப்புதல் இல்லையென்றால் பெயரையும் சின்னத்தையும் நீக்கிவிட்டு, மூலநிரலிலிருந்து, அதாவது நிரலாளர்கள் எழுதிய வடிவத்திலிருந்து, இயங்கும் கோப்புகளை நீங்களே மறுபடி உருவாக்கிக்கொள்ள வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனை ஜிபிஎல்லோடு மோதுகிறது என்று கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை உள்ளிட்டோர் வாதாடியதன் விளைவாக, மென்பொருள்களின் தனித்தனி உரிமங்கள் தரும் உரிமைகளை இந்தக் கொள்கை குறைக்காது என்ற வரியை 2015 ஜூலையில் கனானிக்கல் சேர்த்தது. அந்த வரி நிரலுக்கு வந்த தடையைத்தான் நீக்கியது. பெயரைப் பொறுத்தவரை நிலைமை பழையபடியே இருக்கிறது.

பெயரைப் பற்றிய இந்தப் பிடிவாதத்தை வெறும் கர்வம் என்று தள்ளிவிட முடியாது. 2016 டிசம்பரில் கனானிக்கல் ஓர் ஐரோப்பிய மேகக்கணிமை நிறுவனத்தோடு வெளிப்படையாகவே மோதியது. அந்த நிறுவனம் தானே மாற்றியமைத்த உபுண்டு நகல்களை உபுண்டு என்ற பெயரிலேயே வாடிக்கையாளர்களுக்குக் கொடுத்தது. அவற்றில் பாதுகாப்புக் கோளாறுகள் இருந்தன. பழியும் புகார்களும் பெயருக்கு உரியவர்களிடம் வந்து சேர்ந்தன. அந்தச் செய்தியைப் படித்தபோது, பெரிய நிறுவனங்களின் சண்டை என்றுதான் நானும் கடந்து போனேன். எங்கள் பெட்டிக்குள் எட்டிப் பார்க்கும்வரை அந்தச் சண்டையின் பொருள் எனக்குப் புரிந்திருக்கவில்லை.

நான்காம் மாதம் பயிற்சிக்கு வந்த இரண்டு மாணவர்களுக்குக் கணக்குத் திறக்க முயன்றேன். முதல் மாணவரோடு கணக்குகளின் எண்ணிக்கை பத்தாகியது. இரண்டாமவருக்குத் திறந்தபோது ‘உங்கள் உரிமத்தின் வரம்பு முடிந்தது, கடையை அணுகவும்’ என்று தமிழில் ஒரு செய்தி வந்தது. நெக்ஸ்ட்கிளவுடில் அப்படி ஒரு செய்தி கிடையாது. நெக்ஸ்ட்கிளவுட் தன் நிரல் கோப்புகள் வெளியிட்டபடியே இருக்கின்றனவா என்று கையொப்பங்களை ஒப்பிட்டுப் பார்க்கும் முழுமைச் சோதனை ஒன்றைத் தன்னுள் வைத்திருக்கிறது. யாராவது கைவைத்திருந்தால் நிர்வாகியின் பக்கத்தில் எச்சரிக்கை தோன்றும். எங்கள் பக்கத்தில் அப்படி எதுவும் தோன்றியதில்லை. அமைப்புக் கோப்பைத் திறந்து பார்த்தால், அந்தச் சோதனையையே நிறுத்தி வைக்கும் ஒரு வரி அங்கே உட்கார்ந்திருந்தது. அதை நீக்கிவிட்டுச் சோதனையை ஓட்டினேன். மூன்று கோப்புகள் மாற்றப்பட்டவை என்று பட்டியல் வந்தது. அவற்றில் ஒன்றில், பயனர் எண்ணிக்கை பத்தைத் தாண்டினால் நிறுத்து என்று ஏழு வரி எழுதிச் செருகியிருந்தார்கள்.

நிரலை மாற்றுவது அவருடைய உரிமை. அதில் எனக்கு வழக்கில்லை. ஆனால் ஏஜிபிஎல்லின் பதின்மூன்றாம் பிரிவின்படி, மாற்றியமைத்த பதிப்பை வலைவழியே பயன்படுத்தும் ஒவ்வொருவருக்கும், அதாவது எங்கள் பயிற்சி மாணவருக்கும்கூட, அந்தப் பதிப்பின் மூலநிரலைப் பெறும் வாய்ப்பைக் கண்ணில் படும்படி அந்தப் பதிப்பே காட்ட வேண்டும். இங்கே மூலநிரலைக் காட்டுவது இருக்கட்டும், மாற்றம் நடந்ததையே மறைத்திருக்கிறார்கள். மறைப்பதற்காக இன்னொன்றும் செய்திருந்தார்கள்: நெக்ஸ்ட்கிளவுடின் புதிய வெளியீடு வந்தால் அறிவிக்கும் வசதியை அணைத்திருந்தார்கள். ஏனென்றால் மேம்படுத்தினால் கோப்புகள் புதிதாக எழுதப்பட்டு அந்த ஏழு வரி அழிந்துவிடும். பத்துப் பேர் என்ற வரம்பைக் காப்பாற்றுவதற்காக நான்கு மாதப் பாதுகாப்புத் திருத்தங்கள் எங்களை வந்து சேரவில்லை. வாடிக்கையாளர்களின் வருமான வரிக் கோப்புகள் அத்தனையும் அந்தப் பெட்டியில்தான் இருந்தன. நான் உடனே மேம்படுத்தினேன். வரம்பும் போய்விட்டது, இரண்டாவது மாணவருக்கும் கணக்குக் கிடைத்தது. இத்தனைக்கும் நடுவில் பெட்டியின் தலையில் நெக்ஸ்ட்கிளவுடின் மூன்று வளையங்கள் பளபளவென்று இருந்தன. அந்தச் சின்னத்தை நம்பி வாங்கியவருக்கு அந்தச் சின்னத்துக்கு உரியவர்கள் அனுப்பும் திருத்தமே போய்ச் சேராதபோது, சின்னம் அங்கே எதற்கு?

இன்னொரு சிறு கண்டுபிடிப்பும் உண்டு. டெபியன், உபுண்டு வகை இயங்குதளங்களில் ஒவ்வொரு மென்பொருளின் பதிப்புரிமைக் குறிப்பும் உரிமமும் ‘டாக்’ என்ற கோப்புறையில் தனித்தனியாக வைக்கப்பட்டிருக்கும். இந்தப் பெட்டியில் அந்தக் கோப்புறை காலி. இடத்தை மிச்சப்படுத்துவதற்காக அழித்துவிட்டோம் என்றார்கள். 2 டிபி வட்டில் சில நூறு எம்பியை மிச்சப்படுத்தி என்ன செய்யப் போகிறோம்? எம்ஐடி, பிஎஸ்டி போன்ற மிகத் தளர்வான உரிமங்கள்கூடக் கேட்பது ஏறத்தாழ இந்த ஒன்றைத்தான்: எங்கள் பெயரும் இந்தக் குறிப்பும் நகலோடு கூடவே போகட்டும் என்பது. அந்த மிகச் சின்ன வாடகையைக்கூடக் கொடுக்காமல் விட்டிருக்கிறார்கள்.

பெட்டியோடு ஒரு பென்டிரைவும் வருகிறது, அலுவலகக் கணினிகளில் நிறுவிக்கொள்வதற்காக. அதில் உள்ள லிப்ரே ஆபீஸ் அப்படியே தொடப்படாமல் இருக்கிறது. குறை சொல்ல ஏதுமில்லை. ஆனால் பயர்பாக்ஸைத் திறந்தால் கடையின் வலைப்பக்கம் முகப்பாக வருகிறது, கூடவே ஒரு நீட்சியும் நிறுவப்பட்டிருக்கிறது. திருத்திய நகலுக்குத் தன் பெயரைத் தரும் விஷயத்தில் மொசில்லா கறாரானது என்பதற்குப் பெரிய வரலாறே உண்டு. 2006இல் டெபியன் தன் தேவைக்கேற்பத் திருத்திய பயர்பாக்ஸை விநியோகித்தபோது, பெயரைப் பயன்படுத்தினால் எங்கள் சின்னத்தையும் சேர்த்தே பயன்படுத்த வேண்டும், திருத்தங்களுக்கு எங்கள் ஒப்புதலும் வேண்டும் என்றது மொசில்லா. சின்னம் கட்டற்ற உரிமத்தில் இல்லாததால் டெபியன் அதை ஏற்கவில்லை. உலாவியின் பெயரையே ஐஸ்வீசல் என்று மாற்றிக்கொண்டு பத்தாண்டுகள் ஓட்டியது. 2016இல்தான் சமரசமாகிப் பழைய பெயர் திரும்பியது. லினக்ஸ் விற்கும் ரெட் ஹேட் நிறுவனத்தின் மூலநிரலிலிருந்து உருவான சென்டோஸ் திட்டத்தின் கதையும் ரசமானது. ரெட் ஹேட்டின் வழக்கறிஞர்கள் கடிதம் எழுதிய பிறகு, தன் மூலம் எது என்பதைச் சொல்ல வேண்டிய இடங்களிலெல்லாம் ‘வட அமெரிக்காவின் முன்னணி நிறுவன லினக்ஸ் விற்பனையாளர் ஒருவர்’ என்றே சென்டோஸ் எழுதியது; கணவர் பெயரைச் சொல்லாமல் ‘எங்க வீட்டுக்காரர்’ என்று பேசும் பழைய காலத்துப் பெண்மணிகளைப் போல. நிரலை எடுத்துக்கொள்வதில் அன்று யாருக்கும் தடையில்லை, பெயரைச் சொல்வதற்குத்தான் அத்தனை கூச்சம்.

உள்ளூரிலேயே ஒழுங்கான முன்மாதிரி இருக்கிறது. மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு ஓர் இயங்குதளத்தை உருவாக்கியபோது, அதற்கு டெபியன் இந்தியா என்றோ டெபியன் புரோ என்றோ பெயர் சூட்டவில்லை. பாஸ் என்று சொந்தப் பெயர் வைத்து, டெபியனிலிருந்து வந்தது என்று சொல்லிக்கொண்டது. தமிழக அரசு மாணவர்களுக்குக் கொடுத்த மடிக்கணினிகளில் விண்டோஸோடு கூடவே இருந்தது அதுதான்.

இவற்றையெல்லாம் ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். கூடவே மூலநிரலையும் கேட்டேன். கடைக்காரர் நல்ல மனிதர், தேநீர் வரவழைத்தார். “சார், ஓப்பன் சோர்ஸ்னா ஃப்ரீதானே? யார் வந்து கேஸ் போடப் போறாங்க?” என்றார். பிறகு, “சோர்ஸ் வேணும்னா உபுண்டு சைட்லயே இருக்கே சார், டவுன்லோட் பண்ணிக்கோங்க” என்றார். இரண்டாவது பதில் பலரும் சரியென்று நினைப்பது. ஆனால் விற்பவருக்கு அது செல்லாது. உபுண்டுவின் மையப் பகுதியான லினக்ஸ் கருநிரலுக்குப் (கெர்னல்) பொருந்தும் ஜிபிஎல் இரண்டாம் பதிப்பின் மூன்றாம் பிரிவு மூன்று வழிகளைத் தருகிறது. மூலநிரலைக் கூடவே கொடுக்கலாம். அல்லது யார் கேட்டாலும், அனுப்பும் செலவை மட்டும் வாங்கிக்கொண்டு தருவதாக, குறைந்தது மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும்படி எழுதிக் கொடுக்கலாம். தனக்கு வந்த வாக்குறுதியை அப்படியே கைமாற்றி விடுவது மூன்றாவது வழி. அது வணிக நோக்கமின்றிக் கொடுப்பவருக்கு மட்டும்தான். 41,000 ரூபாய்க்கு விற்றவருக்கு அந்தக் குறுக்குவழி மூடப்பட்டிருக்கிறது.

யார் வழக்குப் போடுவார்கள் என்ற முதல் கேள்விக்கும் விடை உண்டு. ஜெர்மனியில் ஹரால்ட் வெல்டே 2004இல் ஒரு திசைவி (ரவுட்டர்) நிறுவனத்துக்கு எதிராக மியூனிக் நீதிமன்றத்தில் தடையாணை பெற்றார். அமெரிக்காவில் 2007 முதல் பிசிபாக்ஸ் என்ற சிறு மென்பொருளுக்காக மட்டும் வரிசையாக வழக்குகள் நடந்தன. ரிச்சி தெருவுக்கு யாரும் வரப்போவதில்லை என்பது வேண்டுமானால் நடைமுறை உண்மையாக இருக்கலாம். ஆனால் மீறினால் ஜிபிஎல் இரண்டாம் பதிப்பின்கீழ் விற்பவரின் உரிமை தானாகவே முடிந்துபோகிறது; அதன்பின் அவர் விற்கும் ஒவ்வொரு பெட்டியும் பதிப்புரிமை மீறல். மூன்றாம் பதிப்பு கொஞ்சம் இரக்கமுள்ளது: முதல் முறை தவறியவர், அறிவிப்புக் கிடைத்த 30 நாளுக்குள் சரிசெய்துவிட்டால் உரிமை திரும்பிவிடும். வாங்கிய எங்களுக்கு ஆபத்து உண்டா என்று எங்கள் மூத்த ஆடிட்டர் கவலைப்பட்டார். இல்லை. விற்றவரின் உரிமம் ரத்தானாலும், அவரிடமிருந்து நகல் பெற்றவர் விதிகளின்படி நடக்கும்வரை அவருடைய உரிமம் நீடிக்கும் என்று அதே உரிமங்கள் சொல்கின்றன.

வணிகக்குறி விஷயத்தில் கடைக்காரர் தேவைக்கு மேல் பயந்துவிட்டார் என்பதையும் சொல்ல வேண்டும். தாளைப் படித்தவுடன், “அப்போ உபுண்டுங்கிற வார்த்தையே போடக் கூடாதா சார்?” என்று முகம் வாடிக் கேட்டார். அப்படியில்லை. உள்ளே இருப்பது உபுண்டு என்ற உண்மையைச் சொல்வதற்கு யாருடைய அனுமதியும் தேவைப்படாது. நேர்மையான வணிக வழக்கத்துக்கு உட்பட்டு, ஒரு பொருளை அதன் உண்மையான பெயரால் சுட்டுவதற்கு 1999ஆம் ஆண்டின் இந்திய வணிகக்குறிச் சட்டத்தின் முப்பதாம் பிரிவு இடம் தருகிறது. அதே பிரிவு, சந்தைக்கு வந்தபின் பொருளின் நிலை மாற்றப்பட்டிருந்தால் வணிகக்குறிக்கு உரியவர் எதிர்க்கலாம் என்றும் சொல்கிறது. நெக்ஸ்ட்கிளவுடில் செருகிய ஏழு வரியை நினைத்துக்கொண்டால் இதன் பொருள் விளங்கும். சொந்தப் பெயர் பெரிதாக, சொந்தச் சின்னம் நடுவில், ‘உபுண்டு 24.04, நெக்ஸ்ட்கிளவுட் ஆகியவை நிறுவப்பட்டது. இவற்றை உருவாக்கும் நிறுவனங்களுக்கும் எங்களுக்கும் வணிகத் தொடர்பு இல்லை’ என்று கீழே சிறிய எழுத்தில் ஒரு வரி. அவருக்கு அதற்கு மேல் எதுவும் வேண்டியதில்லை. அவருடைய கையேடும், காப்பு நகல் அமைப்பும், தொலைபேசியில் பொறுமையாகப் பதில் சொல்லும் அவருடைய பையனும்தான் இந்தப் பெட்டியின் மதிப்பு. அந்த மதிப்பை இரவல் சின்னங்களுக்குப் பின்னால் அவரே ஒளித்து வைத்திருந்தார்.

மூலநிரலுக்கு நான் சொன்ன யோசனை எளிமையானது. பெட்டியில் உள்ள மென்பொருள் பொதிகளின் மூலநிரலை அதே பதிப்பில் இறக்கி, அந்த 2 டிபி வட்டின் ஒரு மூலையிலேயே ஒரு கோப்புறையாகப் போட்டுவிட்டால் வேலை முடிந்தது. மூன்றாண்டு வாக்குறுதியும் வேண்டாம், தபால் செலவுக் கணக்கும் வேண்டாம். வாங்குகிறவர்களில் நூறில் ஒருவர்கூட அதைத் திறக்க மாட்டார். திறக்க நினைக்கும் அந்த ஒருவருக்கு அது அங்கே இருக்கும்.

மூன்று வாரம் கழித்துப் புறநகரில் உள்ள எங்கள் கிளைக்கு இரண்டாவது பெட்டி வாங்கினோம். பில்லில் அதே 9,500 ரூபாய், ஆனால் ‘அமைப்பு, கையேடு, ஓராண்டு தொலைபேசி ஆதரவு’ என்று மாறியிருந்தது. நகலெடுப்பது குற்றம் என்ற தாள் இல்லை. ஒட்டுத்தாளில் கடையின் பெயர் முதன்முறையாகக் கண்ணுக்குத் தெரிந்தது, ‘புரோ’ போய்விட்டது, கீழே அந்தச் சிறிய வரி இருந்தது. முழுமைச் சோதனையை ஓட்டிப் பார்த்தேன், ஒரு கோப்பும் மாறவில்லை. மேம்பாட்டு அறிவிப்பும் உயிரோடு இருந்தது. மூலநிரல் கோப்புறையில் கருநிரலும் சாம்பாவும் மரியாடிபியும் இருக்கின்றன, வேறு சில பொதிகள் விடுபட்டிருக்கின்றன, பட்டியல் அனுப்பியிருக்கிறேன். சிறு அலுவலகத்துக்குக் கோப்பு சர்வர் தேடுகிறவர்களுக்கு இப்போதுள்ள இந்தப் பெட்டியைத் தயங்காமல் சொல்வேன், ஐந்துக்கு நான்கு. பழைய ஒட்டுத்தாளோடு கிடப்பில் உள்ள பெட்டியைக் கொடுத்தால் வாங்காதீர்கள். பென்டிரைவை மட்டும் அவர் இன்னும் தொடவில்லை. அதிலுள்ள பயர்பாக்ஸ் இன்றைக்கும் கடையின் முகப்புப் பக்கத்தோடுதான் திறக்கிறது.